பந்தயம் எந்த ஊரில்

நான் பிறவியிலேயே கோபக்காரன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் அத்தாவின் நூல் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பழகிய நாட்களில், என் வாயால் வந்த வாடிக்கையைவிடப் போன வாடிக்கைதான் அதிகம். அத்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "நீ கல்லாவுல உக்காராத. ஊர் ஊராப் போய் நூலைக் குடுத்துட்டு வா, அதுதான் கடைக்கு நல்லது" என்று வெளியே அனுப்பிவிட்டார். அப்படித்தான் திருச்செங்கோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று காவேரிக் கரை வரைக்கும் சுற்ற ஆரம்பித்தேன். கடைக்கு ஆகாத கோபம் ஆற்று மணலில் விலை போகும் என்று அத்தாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கோடை வந்தால் காவேரி ஒரு ஓரமாய் ஒதுங்கிக்கொள்ளும். மேட்டூரில் அணை வந்த பிறகு இன்னும் ஒதுங்கியது. பள்ளிபாளையத்தில் ரயில் பாலத்துக்கு மேல்பக்கம் மணல் திட்டு பெரிதாய் விரிந்து கிடக்கும். சாயங்காலம் தறியை விட்டு எழுந்த நெசவாளிகளும், வண்டிக்காரர்களும், தோட்டத்து ஆட்களும் அங்கே சடுகுடு ஆடுவார்கள். ஒருநாள் நூல் மூட்டையை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். தொட்டான், தொடவில்லை என்று இரண்டு பக்கமும் கட்டிப் புரளாத குறையாய்ச் சண்டை. எனக்குப் பொறுக்கவில்லை. "இடது தோள்ல விரல் பட்டுச்சு, என் கண்ணால பாத்தேன், போய்யா வெளிய!" என்று கரையிலிருந்து கத்தினேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தொடப்பட்டவன் தோளைத் தடவிக்கொண்டு பேசாமல் வெளியே போய்விட்டான்.

அன்றிலிருந்து நான்தான் மத்தியஸ்தன். எந்தப் பக்கத்துக்கும் நான் பங்காளி இல்லை, மாமன் மச்சான் இல்லை. எனக்குப் பயந்தவர்கள் பாதி, என்னை நம்பியவர்கள் பாதி. "பாய் சொன்னாச் செரி" என்று ஆகிவிட்டது.

அந்த மணலில்தான் அவரைப் பார்த்தேன். ஆற்றங்கரைச் சேரியைச் சேர்ந்தவர், என்னைவிடச் சிறியவர். ரயிலடியிலிருந்து வரும் நூல் பேல் கட்டுகளைக் கிட்டங்கிக்குச் சுமந்து போடுகிற வேலை. நான் இங்கே அவரைச் சுமைக்காரர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அந்தக் காலத்தில் எல்லோரும் அவரை அவன், இவன் என்றுதான் சொன்னார்கள். எனக்கு முதல் நாளுக்குப் பிறகு அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை.

சடுகுடுவில் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போக வேண்டும். யாரையாவது தொட்டுவிட்டுப் பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பிடிபட்ட இடத்தில் மூச்சை விட்டால் ஆட்டத்தை விட்டு வெளியே. எல்லோரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போவார்கள். சுமைக்காரர் கத்த மாட்டார். உதட்டுக்குள்ளேயே முனகிக்கொண்டு, கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர் போலப் போவார். நான் பார்த்த அந்த முதல் நாள் அவர் கோட்டைத் தாண்டியபோது ஈரோட்டு ரயிலின் எஞ்சின் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பாலம் முழுவதும் தடதடவென்று அதிர்ந்தது. கடைசிப் பெட்டி அக்கரை சேர்ந்து சத்தம் அடங்கிய பிறகும் அவர் பாடிக்கொண்டிருந்தார். நால்வர் அவர் மேல் கிடந்தார்கள். நால்வரையும் இழுத்துக்கொண்டு மணலில் ஊர்ந்து வந்து கோட்டைத் தொட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மனித நெஞ்சுக்குள் இவ்வளவு இடம் இருக்குமா என்று நினைத்தேன்.

அவரைச் சாது என்று நினைத்துவிட வேண்டாம். மீசையை முறுக்கிவிட்டுக்கொள்வார். கூட்டம் கைதட்டினால் இன்னொரு தடவை தட்டட்டும் என்று மெதுவாக நடப்பார். வாய் இருக்கிறதே, அது என் வாய்க்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

இவரை எப்படி நெசவாளிகள் தங்கள் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை. மணல் யாருடைய தெருவும் இல்லை, அது ஒன்று. இன்னொன்று, ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஓடிப்போய் ஆற்றில் விழுவார்கள். முங்கிக் குளித்துவிட்டு ஈரத் தலையோடுதான் வீட்டுக்குப் போவார்கள். யாரைத் தொட்டாய், யாரைக் கட்டிப் பிடித்தாய் என்று அப்புறம் வீட்டில் கேள்வி கிடையாது. சுமைக்காரர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பாலத்துத் தூண்களைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் போவார். அவர்களுடைய துறை அங்கே இருந்தது. மேலே குளித்த தண்ணீர் அங்கே வந்து சேரும். இதை விதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. காவேரி தெற்கே ஓடுவதை யாராவது சொல்லிக் காட்டுவார்களா?

ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் பெரிய பந்தயம் நடக்கும். இக்கரையில் சேலம் ஜில்லா ஊர்கள், அக்கரையில் கோயமுத்தூர் ஜில்லா ஊர்கள், எல்லாம் ஊருக்கொரு கோஷ்டியாக வந்து மோதும். அக்கரைக்காரர்களை எங்கள் ஆட்கள் சீமையிலிருந்து வந்தவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள். இவ்வளவுக்கும் நடுவில் இருப்பது ஒரு பரிசல் தூரம். பந்தயம் எப்போதும் மணலில்தான் நடக்கும். அந்த வருஷம் மட்டும் அதற்குப் போட்டியாக ஒரு ஊர் வந்தது.

நாமக்கல்லுக்கு அப்பால், ஆறில்லாத மேட்டுக்காட்டு ஊர் அது. அங்கே ஒரு பெரிய பண்ணைக்காரர் இருந்தார். சடுகுடு என்றால் அவருக்கு உயிர். தன் ஊரில் பந்தயத்தை வைக்க வேண்டும் என்று மோட்டார் காரிலேயே பள்ளிபாளையம் வந்துவிட்டார். ஊரைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி, எங்கள் ஆட்டக்காரர்களை ஆதரித்துவந்த தறி முதலாளியின் நூல் கிட்டங்கியில் கூடியது. தறி முதலாளி, திருச்செங்கோட்டுப் பள்ளி வாத்தியார் ஒருவர், மேச்சேரி ஆட்டக்காரர்களின் தலைவர், நான், இவ்வளவுதான் கமிட்டி. மேச்சேரித் தலைவர் செம்மறி ஆடு வளர்ப்பவர், தோளில் கம்பளியோடு வருவார், தேவைக்குமேல் ஒரு சொல் பேச மாட்டார்.

பண்ணைக்காரர் கொண்டுவந்த பட்டுத் துணியைப் பிரித்தார். உள்ளே ஒரு வெள்ளிக் கோப்பை. கிட்டங்கியின் இருட்டில் அது தகதகத்தது. மைதானத்தைச் சமப்படுத்திச் செம்மண் கொட்டித் தருவாராம். பந்தல் போடுவாராம். வந்த ஆட்களுக்கெல்லாம் மூன்று வேளையும் சாப்பாடாம். நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கமெல்லாம் தண்டோரா போட்டு ஜனங்களைத் திரட்டுவாராம். பொய் சொல்வானேன், எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல யாருக்குத்தான் ஆசை இருக்காது?

வாத்தியார்தான் தொண்டையைக் கனைத்தார். "உங்க ஊர்ல எங்க ஆள் ஒருத்தரு ஆடறதுக்குத் தடை ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டார்.

"யாரு, அந்த மூட்டை தூக்கற பையனா? அவன் ஆட்டத்தைப் பாக்கத்தானுங்க நான் இவ்வளவு தூரம் வந்தது!" என்று சிரித்தார் பண்ணைக்காரர். "ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குது, அதை மட்டும் பாத்துக்கோணும். அவன் தெக்கால சந்து வழியா மைதானத்துக்கு வரட்டும். பொதுப் பானையில தண்ணி மோந்து குடிக்கக் கூடாது, ஆள் உட்டு ஊத்தச் சொல்றேன். பந்தியில வேண்டாம், சாப்பாட்டைத் தனியாக் குடுத்தரலாம். மத்தபடி ராசாவாட்டம் ஆடட்டும்."

வாத்தியார் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். மடித்து மடித்துத் தேய்ந்திருந்தது. ஜெர்மனி தேசத்தில் உலக தேசங்களெல்லாம் கூடி விளையாடப்போவதாகவும், அதற்குப் போகலாமா கூடாதா என்று அமெரிக்காவில் பெரிய வாக்குவாதம் நடப்பதாகவும் வாசித்தார். அந்தத் தேசத்தில் ஒரு கூட்டத்து ஜனங்களைப் பொதுக் குளத்தில் குளிக்க விடுவதில்லை, தோட்டத்துப் பெஞ்சியில் உட்கார விடுவதில்லை, மற்றவர்களோடு சேர்ந்து பழக விடுவதில்லை என்றெல்லாம் அதில் போட்டிருந்தது. அப்படிப்பட்ட இடத்துக்கு விளையாடப் போனால் அதை நாம் சரி என்று சொன்னதாகிவிடாதா என்று ஒரு கட்சி. விளையாட்டு வேறு, அந்த ஊர் நடப்பு வேறு என்று இன்னொரு கட்சி.

எனக்கு அப்போது ஏற்பட்ட பிரமிப்பை எப்படிச் சொல்வது? நூல் வாடையும் கஞ்சி வாடையும் அடிக்கிற கிட்டங்கியில், பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எந்த ஊரில் சடுகுடு ஆடுவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அதே பேச்சை, எத்தனையோ கடலுக்கு அப்பால், கோட்டும் தொப்பியும் போட்ட மனிதர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். உலகம் இவ்வளவு பெரிது என்றும், இவ்வளவு சின்னது என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது. ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே குளத்தங்கரையில் நிறுத்தப்பட்டவனை எனக்குத் தெரியும் போல் இருந்தது.

தறி முதலாளிக்கு எரிச்சல். "அது வெள்ளைக்காரன் பாடு. நமக்கெதுக்குங்க? நாலு ஊரு ஆளுங்க ஆசையா இருக்கறப்ப, ஒருத்தனுக்காக வேண்டாம்னு சொல்றதா? அங்க போய் அவன் ஜெயிச்சான்னா, அந்த ஊரு ஜனமே பாத்துத் திருந்தாதா?"

இதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. வாத்தியாரும் தலையைச் சொறிந்துகொண்டார். "போய் ஜெயிச்சுக் காட்டறது ஒரு வழிதான். ஆனா ஜெயிச்சவனுக்குக் கையில தண்ணி ஊத்துனா, அவன் ஜெயிச்சதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றார்.

பண்ணைக்காரர் தாராள மனதுக்காரர். நாங்கள் திண்டாடுவதைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது. "செரி, ஒண்ணு பண்றேன்" என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "பந்தயம் நடக்கறமட்டும் அவன் பெரிய தெருவுலயே வரட்டும், செருப்புக்கூடப் போட்டுக்கட்டும். நான் சொன்னா ஊரு கேக்கும். அவனைப் புடிக்கறவங்களுக்கு என்ன பண்றதுன்னுதானே யோசனை? எங்கூர்ல ஆறு இல்ல. அதுக்குத்தான் மைதானத்து ஓரமாப் புதுசா ஒரு சிமிட்டித் தொட்டி கட்டிக் குடுத்தர்றேன். கெணத்துத் தண்ணி நெறைக்க ஏத்தம் வெச்சர்றேன். ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் தலை முழுகிட்டு ஊட்டுக்குப் போலாம். ஒருத்தருக்கும் கஷ்டமில்ல பாருங்க!"

சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒரு பெரிய தர்மம் செய்த பூரிப்பு அவர் முகத்தில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் ஒரு பொட்டுக் கள்ளம் இல்லை. தறி முதலாளி, "இதுக்கு மேல ஒரு மனுசன் என்னங்க பண்ணுவான்?" என்று தொடையைத் தட்டினார். வாத்தியார்கூட மறுப்புச் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மேச்சேரித் தலைவர் வாயைத் திறந்தார். "அந்தாளக் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. சுமைக்காரர் வெளியேதான் வண்டியிலிருந்து பேல் இறக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய்க் கூப்பிட்டேன். தினமும் முதுகில் சுமையோடு நுழைகிற கிட்டங்கிக்குள் அன்றைக்கு வெறும் முதுகோடு வந்து, அடுக்கி வைத்த பேல்களின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாத்தியார் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பந்தல், கோப்பை, பெரிய தெரு, செருப்பு, தொட்டி.

தொட்டி என்றதும் அவர் சிரித்துவிட்டார். "எம்பேர்லயாங்க தொட்டி? ஒவ்வொருத்தர் பேர்ல கோயில் கட்டுவாங்க, சத்தரம் கட்டுவாங்க. எனக்குத் தொட்டிதான் குடுத்து வெச்சுது போல."

எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வெளியே வரவில்லை. அவர் வெள்ளிக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் மேல் அவருக்கு ஆசை இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "அவ்வளவு சனத்துக்கு முன்னால ஆடோணும்னு எனக்கு ரொம்ப ஆசைங்க" என்றார். பிறகு, "ஆனா அங்க வேண்டாமுங்க" என்றார்.

வாத்தியார் பெருமூச்சு விட்டார். "அப்ப மணல்லயே வெச்சுக்கலாம்" என்று பத்திரிகையை மடித்தார்.

"மணலும் வேண்டாமுங்க."

எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் குரலை உயர்த்தவில்லை. "கோவிச்சுக்காதீங்க. அங்க தொட்டி, இங்க ஆறு. என்னங்க வித்தியாசம்? அவுங்க பாவம், காசு போட்டுக் கட்டோணும். உங்களுக்குக் காவேரி சும்மா கெடச்சுது."

எத்தனை கோடை அந்த மணலில் நின்று, விரல் பட்டதா நகம் பட்டதா என்று உற்று உற்றுப் பார்த்தவன் நான். அவர்கள் ஓடிப்போய் ஆற்றில் விழுவதையும் தினம் பார்த்தவன். அந்த இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை. ஜெர்மனிக் குளம் புரிந்தது, நாமக்கல் தொட்டி புரிந்தது, காலடியில் ஓடிய தண்ணீர் அதுவரை புரியவில்லை. அவர் எதிரே உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

தறி முதலாளி முகம் சிவந்து எழுந்தார். "ஆட உட்டதே பெருசு! அதுக்கு மேல பேச்சா?"

"உக்காருங்க" என்றேன். மணலில் கத்துகிற குரல் அது, கிட்டங்கிக்குள் இன்னும் பெரிதாகக் கேட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். நான் சுமைக்காரரைப் பார்த்தேன். "என்ன வேணும்னு சொல்லு தம்பி."

அவர் சொன்னார். "பந்தயம் மணல்லயே நடக்கட்டுமுங்க. ஆட்டம் முடிஞ்சதும் நான் முதல்ல ஆத்துல எறங்கறேன். கீழ்த்துறையில இல்லீங்க, நீங்க எறங்கற எடத்துக்கும் மேல்பக்கமா. எனக்கப்புறம், எனக்குக் கீழ்ப்பக்கமா, மத்தவங்க எறங்கட்டும். எம்மேல பட்ட தண்ணியில குளிக்கட்டும். அவ்வளவுதானுங்க."

"எவன் எறங்குவான்?" என்றார் தறி முதலாளி.

"எறங்கறது அவங்கவங்க இஷ்டமுங்க. கட்டாயப்படுத்தி எறக்குனா அதுக்குப் பேரு குளியல் இல்லீங்களே. நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். ஆனா ஒருத்தர்கூட எறங்கலீன்னா, அன்னிக்கோட நான் ஆட்டத்தை உட்டர்றேனுங்க. அப்புறம் என்னை யாரும் கூப்புட வரக் கூடாது."

அந்த மூச்சை இனிமேல் கேட்கவே முடியாமல் போகலாம் என்று அப்போதுதான் உறைத்தது. அவருக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருந்ததே அந்த ஆட்டம் ஒன்றுதான். அதை எடுத்து எங்கள் முன்னால் வைத்துவிட்டு, இனி உங்கள் பாடு என்று நின்றார். இப்படி ஒரு தைரியத்தை நான் எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

மேச்சேரித் தலைவர் கையைத் தூக்கினார். வாத்தியார் தூக்கினார். நான் தூக்கினேன். தறி முதலாளி தூக்கவில்லை, தடுக்கவும் இல்லை. பண்ணைக்காரர் கோப்பையைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். காரில் ஏறும்போது என் தோளைத் தொட்டு, "நான் தொட்டி கட்டித் தர்றேன்னுதானுங்களே பாய் சொன்னேன்? அதுல என்ன தப்பு?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

பந்தயத்துக்கு முன்பே பேச்சு இரு கரையிலும் பரவிவிட்டது. வழக்கமாக வருகிற கூட்டத்தைவிட அதிகம் வந்தது. பாதிப் பேர் ஆட்டம் பார்க்கவும், பாதிப் பேர் குளியலைப் பார்க்கவும் வந்தார்கள். எங்கள் ஆட்களின் வீட்டுப் பெரியவர்கள் கரை மேட்டில் வரிசையாய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாத வாய்களைப் பார்த்தாலே ஆட்டக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யார் இறங்குவார்கள் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

கடைசி ஆட்டம் எங்களுக்கும் மேச்சேரிக்காரர்களுக்கும். வெயில் சாய்கிற நேரத்தில் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. சுமைக்காரர் கோட்டைத் தாண்டிப் போனார். அத்தனை கூட்டத்தில் அந்த முனகல் ஒன்றுதான் கேட்டது. இருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது மேச்சேரித் தலைவர் பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார். அவருக்கு மேல் இன்னும் மூவர் விழுந்தார்கள். சுமைக்காரர் இழுத்தார். மணல் உழுத நிலம் போலக் கிழிந்தது. நான் முட்டி போட்டுக் காதை அவர் வாய்க்கு அருகில் வைத்தேன். கோடு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. விரல்கள் நீண்டன, நீண்டன. விரல் கோட்டில் படுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் மூச்சு அறுந்தது. என் ஒருவன் காதுக்குத்தான் அது கேட்டிருக்கும்.

கோட்டைத் தொட்டுவிட்டார் என்று எங்கள் ஆட்கள் குதித்தார்கள். நான் எழுந்து நின்றேன். இன்றைக்கா இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "மூச்சு போச்சு. மேச்சேரி ஜெயிச்சது" என்றேன்.

சண்டை வந்திருக்கும். சுமைக்காரர்தான் எழுந்து மணலைத் துடைத்துக்கொண்டு, இளைத்துக்கொண்டே, "பாய் சொன்னது செரிதானுங்க" என்றார். அப்படியே திரும்பி ஆற்றைப் பார்த்து நடந்தார்.

எல்லோரும் வழக்கமாக இறங்கும் இடத்தைத் தாண்டினார். இன்னும் கொஞ்சம் மேலே போனார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆறு வருகிற திசையைப் பார்த்து நின்றார். ஒரு முழுக்குப் போட்டார். மறுபடி நின்றார். சொன்னபடியே திரும்பவில்லை.

கரையில் ஆட்டக்காரர்கள் மணலும் வேர்வையுமாக நின்றார்கள். உடம்பெல்லாம் அரித்திருக்கும். தண்ணீர் பத்தடியில் ஓடியது. ஒருவரும் அசையவில்லை. மேட்டிலிருந்து ஒரு பெரியவர், "வண்டி பூட்டியாச்சு, வாங்கடா" என்று கூப்பிட்டார். சிலர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்காமலே மேடேறிப் போனார்கள். முடிந்தது என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் மறுபடி தோளில் போட்டுக்கொண்ட கம்பளியை மேச்சேரித் தலைவர் எடுத்து மணலில் வைத்தார். சுமைக்காரரைக் கட்டிப் பிடித்திருந்த கைகளில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. நேரே போய், சுமைக்காரருக்குக் கீழே, அவர் முதுகைத் தொட்டு வந்த தண்ணீரில் இறங்கினார். முங்கி எழுந்தார். இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை அள்ளினார். வாய் கொப்பளிக்கப் போகிறார் என்று நினைத்தேன். குடித்தார்.

மேட்டில் யாரோ "ஐயோ" என்றார்கள். அதற்குள் இன்னொருவர் இறங்கிவிட்டார். பிறகு எங்கள் நெசவாளிகளில் ஒருவர், அவர் பின்னால் அவர் தம்பி. அக்கரைக்காரர்கள் கூட்டமாக இறங்கினார்கள். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளிருக்குப் பயந்தவர் போல ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கினார். தண்ணீர் கலங்கியது. எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. அல்லாவே, இதைப் பார்க்கவா என்னை இந்தக் கரைக்கு அனுப்பினாய் என்று நினைத்தேன்.

சுமைக்காரர் இன்னும் திரும்பவில்லை. சலசலப்பு அவருக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் காதை நம்ப அவருக்குத் துணிச்சல் வரவில்லை. முதுகைக் காட்டியபடியே, "பாய், யாராச்சும் எறங்கியிருக்காங்களாங்க?" என்று கேட்டார். அந்தக் குரல் நான் அவரிடம் அதுவரை கேட்காத குரல், சின்னப் பிள்ளையின் குரல்.

"திரும்பிப் பாரு தம்பி" என்றேன். என் குரல் மிக அருகில் கேட்டதால் அவர் சட்டென்று திரும்பினார். நான் சட்டையோடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். ஆறு நிறையத் தலைகள். உதடு துடித்தது, அதை மறைக்க மீசையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "நீங்க எதுக்குங்க பாய் எறங்கினீங்க? நீங்கதான் யாரையும் தொடவே இல்லீங்களே."

சேலத்துக்காரன் நான், ஆற்றில் நின்று பழக்கமில்லை, இழுப்பில் கால் வழுக்கியது. அவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.